பாலிதீன் பிரிக்காத கேரவன்

காலை ஆறு மணி, போர்ட் பிளேரில் ஹேடோ பகுதி. கப்பல் துறைக்குப் பின்னால், ஊழியர் குடியிருப்பைத் தாண்டிய ஒரு சந்தில் எங்களுக்கான கேரவன் தயாராக நின்றது. நாங்களும் தயாராகத்தான் இருந்தோம். ஆனால் உள்ளே ஏற அனுமதி கிடைக்கக் கால் மணி நேரம் பிடித்தது.

“செருப்ப இங்கனயே கழட்டிருங்க வார்டம்மா. அண்ணே, நீங்களும்தான். கால முதல்ல இந்தத் துணில தொடைங்க, அப்பறம் இந்தத் துணில. முதல் துணி மண்ணுக்கு, ரெண்டாவது ஈரத்துக்கு” என்றார் ஜபருல்லா பாய்.

நான் திருச்சியில் ஒரு பெண்கள் விடுதிக்கு வார்டன். எத்தனையோ பெண்களை வாசலில் நிறுத்திக் காலைக் கழுவிவிட்டு உள்ளே வரச் சொன்னவள். என்னையே ஒருவர் வாசலில் நிறுத்தித் துடைக்கச் சொன்னது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக மரியாதை வந்தது.

பாயின் பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம். போர்ட் பிளேர் கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். குழாய், பம்ப், பெயிண்ட் எல்லாம் கிடைக்கும். அவருடைய மகள் எங்கள் விடுதியில் தங்கித்தான் கல்லூரிப் படிப்பை முடித்தாள். லீவுக்கு அவளை அழைத்துப்போக வரும்போதெல்லாம், “ஒரு தடவ அந்தமான் வாங்க வார்டம்மா, நம்ம கேரவன்ல ரங்கத் வரைக்கும் கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். சொன்னவர் மறந்திருப்பார் என்று நினைத்தேன். என் கணவர் மறக்கவில்லை. ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் இவர். ஓசிப் பயணம் என்று யார் சொன்னாலும் காதில் நிற்கும்.

கேட்டருகே பாயின் மனைவி சல்மா இரண்டு காலி வாளிகளோடு நின்றிருந்தாள். “ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் இங்க குழாயில தண்ணி வருது லாத்தா. வந்ததும் முதல் குளியல் யாருக்குத் தெரியுமா? இந்தக் காடிக்கு, பாயோட வண்டிக்கு. மிச்சம் இருந்தா எனக்கு” என்றாள்.

“உப்புக் காத்து வார்டம்மா” என்று பாய் தன் தரப்பைச் சொன்னார். “கடலச் சுத்தி உக்காந்திருக்கோம். நல்ல தண்ணில அடிப்பக்கம் கழுவலேன்னா ஒரே மழைக்காலத்துல தகரம் பிஸ்கட்டாயிரும். இதுக்கெல்லாம் ரோசப்பட்டா நடக்குமா?”

அந்த வண்டி முன்பு பள்ளிக்கூட வேனாக ஓடியது. அதை வாங்கி, இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு, கட்டில், அடுப்பு, தொட்டி, கழிவறை எல்லாம் தன் கையாலேயே பொருத்தியிருக்கிறார். ஒவ்வொரு சாமானும் மெயின்லேண்டிலிருந்து ஷிப்பில் வரவேண்டும். ஷிப் தாமதமானால் வேலையும் தாமதமாகும். அப்படி வேலை முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது. சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடுவதுதான் திட்டம். விட்டாரா என்றால் இல்லை. ஒரு குடும்பம் வந்து பார்த்ததாம். அவர்கள் குழந்தையின் கையில் கிரீம் பிஸ்கட் இருந்ததாம். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சல்மாவின் பொறுமை போன மாதம் தீர்ந்துவிட்டது. அவளுடைய தம்பி நசீர் ஜங்கிலிகாட் மீன்துறையில் வியாபாரி. கட்டிலைக் கழற்றிவிட்டு ஐஸ் பெட்டி வைத்தால் அந்த வண்டி மீன் ஏற்றத் தோதாக இருக்கும் என்று அவன் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். பாய்க்கு இருந்தது ஒரே வழி. ரங்கத் பக்கம் ஆம்குஞ்ச் கடற்கரையில் குடில்கள் நடத்தும் மொண்டல் அம்மா என்ற வங்காளிப் பெண்மணி வண்டியைப் பார்க்க ஒப்புக்கொண்டிருந்தார். பிடித்துப் போனால் வருஷ ஒப்பந்தம். பிடிக்கவில்லையென்றால் சாவி மச்சான் கைக்குப் போகும். மூன்று வேளையும் மீன் தின்கிற மனிதர்தான் பாய். ஆனால் தன் வண்டியில் மீன் நாற்றம் என்ற நினைப்பே அவருக்குத் தாங்கவில்லை. சொல்லும்போது கண் கலங்கிவிட்டது.

“நீங்க கூட இருந்தா ஒரு பலம் வார்டம்மா. சுத்தம்னா என்னான்னு தெரிஞ்சவங்க. அந்தம்மாட்ட ஒரு வார்த்த சொல்லுங்க” என்றார். ஓசிப் பயணத்தின் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

உள்ளே ஏறினோம். பொய் சொல்ல மாட்டேன், நான் பார்த்த எந்த அறையும் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. ஜன்னல் ஓரங்களில் சிலிக்கான் பூச்சு, கதவு ரப்பரில் முகப்பவுடர் தடவல், ஈரத்தை இழுக்க மூலைக்கு மூலை கரி மூட்டை, பூச்சி வராமல் இருக்கப் பாச்சை உருண்டை. ஆனால் மெத்தை கடையிலிருந்து வந்த பாலிதீன் உறையோடு இருந்தது. இவர் உட்கார்ந்தார், வழுக்கித் தரைக்கு வந்தார். அடுப்பின் மேல் பாலிதீன். பாத்திரம் கழுவும் தொட்டியில் கம்பெனி ஸ்டிக்கர். குழாயின் கழுத்தில் நூல் கட்டிய விலைச் சீட்டு. கழிவறைக் கதவைச் சுற்றி நாலு பக்கமும் பழுப்பு டேப் ஒட்டியிருந்தது.

“இது என்ன பாய், சீல் வச்சிருக்கீங்க?”

“நம்பர் ஒன் சாமான் வார்டம்மா. கழிவு ஒரு சொட்டு ரோட்டுல விழாது, கீழ மூடுன பெட்டிலதான் போய்ச் சேரும். திறப்பு விழா இன்னும் ஆகல.”

“யார் திறப்பா?”

அவர் டேப்பின் ஒரு மூலையைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார். அந்த யோசனையே அவருக்கு வந்ததில்லை என்று தெரிந்தது.

என் தொழில் புத்தி சும்மா இருக்குமா? “கோடை லீவு விட்டு ரெண்டு மாசம் கழிச்சு விடுதியத் திறந்தா எங்க குழாய்ல பாதி வேலை செய்யாது பாய். புழங்காத குழாய் செத்துப் போயிடும். ஒரு தடவ எல்லாத்தையும் ஓட்டிப் பாத்துடலாமே” என்றேன்.

“புதுசு வார்டம்மா. புதுசு எப்படிக் கெட்டுப்போகும்?” என்று சிரித்தார். பம்ப் விற்பவரிடம் பம்ப் பற்றிப் பேசியது என் தவறு என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஏழு மணி தாண்டிப் பெரார்கஞ்ச் வந்தோம். இரண்டு பக்கமும் நெல் வயல், அதற்குப் பின்னால் பாக்கும் தென்னையும். இளநீர் அறுபது ரூபாய். இவர் ஒன்று குடித்தார். நன்றாக இருக்கிறதே என்று இன்னொன்று குடித்தார். பக்கத்துக் கடையில் டீ பதினைந்து ரூபாய், அதையும் விடவில்லை. நாங்கள் குடித்து முடிப்பதற்குள் பாய் ஒரு பல் துலக்கும் பிரஷ்ஷால் நாலு சக்கரத்துக் குழியிலும் இருந்த சேற்றை எடுத்துவிட்டார். அடுத்த வளைவிலேயே மறுபடி சேறு அடித்தது. “பரவால்ல, பழைய சேறு போச்சுல்ல” என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

எட்டரைக்கு ஜிர்காட்டாங் சோதனைச் சாவடி. அங்கிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர், ஜாரவா மக்களின் காடு. அவர்களுடைய வீட்டு வாசல் வழியாக நாம் போகிறோம் என்பதால் கட்டுப்பாடுகள் அதிகம். எல்லா வண்டிகளும் ஒரே வரிசையாக, காவல் வண்டிக்குப் பின்னால் போகவேண்டும். முந்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, என்ன ஆனாலும் நிறுத்தக் கூடாது. ஒலிபெருக்கியில் இதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

சாவடியில் பொதுக் கழிவறை உண்டு. அதன் முன் பெரிய வரிசை. இவர் போய் வரிசையைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், திரும்பி வந்துவிட்டார்.

“போயிட்டு வந்துடுங்க. ரெண்டு இளநீர் உள்ள இருக்கு” என்றேன்.

“அட, எனக்கு அவசரம் இல்ல. நம்ம வண்டியிலதான் இருக்கே” என்றார்.

இவரை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ரயிலிலேயே வாழ்ந்தவர். வண்டி என்றால் இரண்டு முனையிலும் கழிவறை இருக்கும் என்பதுதான் அவர் அறிந்த உலகம். டேப் ஒட்டிய கதவை அவர் ஒரு தடையாகவே நினைக்கவில்லை.

ஒன்பது மணிக்கு வரிசை கிளம்பியது. காடு இரண்டு பக்கமும் சுவராக எழுந்து நின்றது. நான் மரங்களின் உயரத்தில் லயித்துப் போயிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து இவர் பேச்சை நிறுத்தினார். இவர் பேச்சை நிறுத்தினால் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். பிறகு காலை மாற்றிப் போட்டார். பாலிதீன் சரசரத்தது. மறுபடி மாற்றினார், மறுபடி சரசரத்தது.

“பாய்” என்றார் மெல்ல.

“சொல்லுங்கண்ணே.”

“அந்தக் கதவு...”

ஓட்டுநர் இருக்கையில் முதுகு விறைத்ததைப் பார்த்தேன். “எந்தக் கதவு அண்ணே?”

“வண்டியில எத்தன கதவு இருக்கு பாய்?”

“கொஞ்சம் பொறுத்துக்கங்கண்ணே. மனச வேற எதுலயாச்சும் வைங்க. இந்தா, வந்துரும்.”

“எவ்வளவு தூரத்துல?”

“முப்பது கிலோமீட்டர்தான்.”

இவர் மனதை வேறு எதிலாவது வைக்கப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஒரு சிற்றோடை பாதையோரமாகச் சலசலவென்று ஓடிவந்தது. மழைத் தூறலும் பிடித்தது. கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. உலகமே இவருக்கு எதிராகத் திரண்டுவிட்டது.

“வார்டம்மா, நீங்களாச்சும் அண்ணனுக்குச் சொல்லுங்க. மத்தியானம் அந்தம்மா பாக்க வருது. ரெண்டு வருஷமா தொடாம வச்சிருக்கேன்” என்றார் பாய். குரலில் கெஞ்சல்.

“பாய், இன்னும் கொஞ்ச நேரம் போனா கழிவறை சுத்தமா இருக்கும். மெத்தைதான் இருக்காது” என்றேன்.

அவர் யோசித்தார். மெத்தைக்குப் பாலிதீன் இருக்கிறதே என்று ஒரு கணம் நினைத்தார் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். அதற்குள் நான் எழுந்து டேப்பைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். அந்தச் சத்தத்தைக் கேட்டு பாய், “யா அல்லா” என்றார்.

திறப்பு விழா நடந்தது. உள்ளேயிருந்து வந்த முதல் சத்தம் என் கணவரின் நிம்மதிப் பெருமூச்சு. அடுத்தது பம்பின் சத்தம். உர்ர்ர் என்று ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது, தண்ணீர் மட்டும் வரவில்லை.

“தண்ணி வரலையே!” என்று இவர் உள்ளேயிருந்து கத்தினார்.

“வரும். புதுசு” என்றார் பாய். அவர் குரலில் இப்போது உறுதி இல்லை. பம்ப் கொஞ்ச நேரம் முனகிவிட்டு நின்றுபோனது. நான் குடிதண்ணீர் பாட்டில் இரண்டை நீட்டிக் காரியத்தை முடித்துவைத்தேன். மிச்சக் காடு முழுக்க இவர் மட்டும் புன்னகையோடு மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மிடில் ஸ்ட்ரெய்ட் படகுத்துறையில் வண்டிகளைப் படகில் ஏற்றினார்கள். அலை தெறிக்கும் பக்கம் எங்கள் வண்டிக்கு இடம் அமைந்தது. பாய் குடையை விரித்து வண்டியின் முகத்துக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முழுக்க நனைந்தார். பக்கத்தில் நின்ற படகு ஊழியர், “க்யா பாய், காடிக்கு ஜுரமா?” என்று கேட்டார். பாய்க்குச் சிரிப்பு வரவில்லை.

பாராடாங் கரையில் ஓர் ஓரமாக வண்டியை நிறுத்தி பாய் பம்பைக் கழற்றினார். இதற்கிடையில் கழிவுப் பெட்டியைத் படகுத்துறைக் கழிவறையில் கொட்டிவரும் பொறுப்பை என் கணவர் தானாகவே ஏற்றுக்கொண்டார். ‘தானாகவே’ என்பது அவர் சொல்வது. என் பார்வைக்கு அதில் பங்கு உண்டு.

பம்புக்குள் ரப்பர் வால்வு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தது. தொட்டிக்குக் காற்றுப் போகும் குழாயின் வாயில் குளவி மண்கூடு கட்டிக் குடும்பமே நடத்தியிருந்தது. உள்ளே இத்தனை பாச்சை உருண்டை போட்டவர், குழாய் வாயை வெளியே பார்க்கவே இல்லை. வால்வைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தார். கூட்டைக் குத்தி எடுத்தார். மறுபடி பொருத்திச் சுவிட்சைப் போட்டதும் முதலில் செம்மண் நிறத்தில் கொஞ்சம் வந்தது. அப்புறம் தெளிந்த தண்ணீர் பீறிட்டு வந்தது.

பாய் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“கடைக்கு வர்றவங்ககிட்ட நானே சொல்லுவேன் வார்டம்மா. வாரத்துக்கு ஒருக்கா ஓட்டுங்க, இல்லாட்டி பம்ப் ஜாம் ஆயிரும்னு. என் வண்டிக்கு நான் சொல்லலையே. அந்தம்மா முன்னாடி இது நின்னிருந்தா...”

“நிக்கல பாய்” என்றேன். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. திட்டலாம் என்று சேர்த்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது.

அப்போது இவர் காலிப் பெட்டியோடு, கோப்பை வாங்கிய வீரரின் நடையில் வந்து சேர்ந்தார். “எல்லாம் என்னாலதான்” என்றார். பாய் தலை நிமிர்ந்து பார்த்தார். நன்றியா கோபமா என்று சொல்ல முடியாத பார்வை. பிறகு எழுந்துபோய் கழிவறையை அரை மணி நேரம் தேய்த்துப் பளபளப்பாக்கி, கதவை மூடி, பழையபடி டேப் ஒட்டினார். மனிதர் அவ்வளவு லேசில் மாறுவாரா?

மத்தியானம் ரங்கத் தாண்டி ஆம்குஞ்ச் சேர்ந்தோம். போர்ட் பிளேரிலிருந்து நூற்றெழுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பாதாம் மரங்களுக்குக் கீழே குடில்கள், எதிரே கடல். வண்டி நின்றதும் பாயின் போன் அடித்தது. மச்சான்.

“மச்சான், ஐஸ் பெட்டிக்காரன் வந்து நிக்கிறான். கட்டிலோட நீளம் எவ்வளவு? கழட்டுனா எத்தன பெட்டி நிக்கும்?” என்ற குரல் எங்களுக்கும் கேட்டது. பாய் போனை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டார்.

மொண்டல் அம்மா வந்தார். அறுபதை ஒட்டிய வயது, இடுப்பில் செருகிய புடவை, கையில் ஒரு பை. செருப்பைக் கழற்றச் சொல்ல பாய் வாயைத் திறப்பதற்குள் உள்ளே ஏறிவிட்டார். மணல் கோடு போட்டதுபோல் விழுந்தது. பாய் கண்ணை மூடிக்கொண்டார்.

மொண்டல் அம்மா பேசியது தீவு ஹிந்தி. எனக்கு ஹிந்தி அரைகுறை. பாய்தான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். முதலில் நன்றாகத்தான் சொன்னார். “எல்லாம் ரொம்ப சாஃபா இருக்குங்கிறாங்க.” நானும் என் பங்குக்கு, விடுதி வார்டனாகச் சொல்கிறேன், இவ்வளவு சுத்தமான இடத்தைப் பார்த்ததில்லை என்றேன்.

மொண்டல் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். பாயின் குரல் இறங்கிவிட்டது.

“கடைல இருக்கிற சாமானும் சாஃபாத்தான் இருக்கும்ங்கிறாங்க. அவங்க கிட்ட வர்ற மெஹ்மான், விருந்தாளிங்க, கடல்ல குளிச்சிட்டு மணலோட ஏறுவாங்களாம். கல்கத்தாக்காரங்க. உள்ள மீன்...” என்று நிறுத்தினார்.

“மீன்?”

“மீன் பொரிப்பாங்களாம். அதுக்கப்பறம் வண்டி எப்படி இருக்கும்னு பாக்கணுமாம். இப்ப எப்படி இருக்குன்னு பாத்து அவங்க என்ன செய்யப் போறாங்களாம்.”

மொண்டல் அம்மா பையைத் திறந்தார். உள்ளே துண்டு போட்ட சுர்மை. நம் ஊர் வஞ்சிரம்தான். கூடவே ஒரு பாட்டில் கடுகெண்ணெய். அவர் போட்ட நிபந்தனை எளிமையானது. மீனை இங்கேயே பொரிக்க வேண்டும், எல்லாரும் உள்ளேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நாலு மணிக்கு வந்து பார்ப்பார். அப்போது வாடை இருந்தால் ஒப்பந்தம் இல்லை.

மீன் வண்டி ஆகக் கூடாது என்று போர்ட் பிளேரிலிருந்து ஓடிவந்த வண்டி அது. பாய் என்னைப் பார்த்தார். நான் அடுப்பின் மேலிருந்த பாலிதீனைப் பார்த்தேன்.

“பிளாஸ்டிக் நிகாலோ” என்றார் மொண்டல் அம்மா. பாலிதீனை எடுக்கச் சொல்கிறார் என்பது எனக்கே புரிந்தது.

பாய் தானே பிரித்தார். முதலில் அடுப்பு, பிறகு மெத்தை. விலைச் சீட்டின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். கடைசியாகக் கழிவறை டேப். மகளுக்கு மொட்டை போடும்போது பார்த்துக்கொண்டு நின்றதுபோல் இருந்தது என்று பிற்பாடு சொன்னார். மொண்டல் அம்மா குழாயைத் திருகினார். நாங்கள் மூன்று பேரும் மூச்சை நிறுத்தினோம். பம்ப் உர்ர் என்றது. தண்ணீர் வந்தது. என் கணவர் தொண்டையைக் கனைத்தார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை என்றாலும் கனைத்தார்.

கடுகெண்ணெயில் வஞ்சிரம் பொரியும் வாடையை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. மூக்கில் ஏறி, கண்ணில் இறங்கி, தலைமுடியில் குடியேறியது. சுவையில் குறை சொல்ல முடியாது. இவர் நாலு துண்டு சாப்பிட்டார். பாய் ஒரு துண்டை வாயில் வைத்துக்கொண்டு, எண்ணெய் தெறித்த ஒவ்வொரு இடத்தையும் கண்ணால் குறித்துக்கொண்டே இருந்தார்.

மொண்டல் அம்மா போனதும் நாங்கள் வேலையில் இறங்கினோம். கொதிக்கும் தண்ணீரில் எலுமிச்சைத் தோல் போட்டு அடுப்பு மேடையைத் துடைப்பது என் விடுதி வழக்கம். முதல் துணி, இரண்டாம் துணி என்பது பாயின் வழக்கம். இரண்டும் சேர்ந்து ஓடின. புகைவிசிறியின் இறகைக் கழற்றி இவர் தேய்த்தார். வடிகுழாயில் சோப்புத் தண்ணீர் விட்டு அலசினோம். மெத்தையை வெயிலில் போட்டோம். பாதி வேலையில் பாயைப் பார்த்தேன். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் எண்ணெய், முகமெல்லாம் சந்தோஷம். இரண்டு வருஷமாகச் சுத்தமானதையே சுத்தம் செய்துகொண்டிருந்தவருக்கு முதல் முறையாக உருப்படியான அழுக்கு கிடைத்திருந்தது. “தொடச்சா போகுது வார்டம்மா! பாத்தீங்களா, போயிருச்சு!” என்று ஒவ்வொரு கறைக்கும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

நாலு மணிக்கு மொண்டல் அம்மா வந்தார். அடுப்பருகே குனிந்து மோந்தார். தலையணையை முகத்தருகே எடுத்து மோந்தார். ஜன்னல் திரையைப் பிடித்து மூக்கில் வைத்தவர் அப்படியே நின்றார்.

“மச்லி” என்றார். மீன்.

திரையை மறந்துவிட்டோம். என் விடுதியில் எத்தனை பெண்களின் திரைகளைக் கழற்றித் துவைக்க வைத்திருக்கிறேன், என் கண்ணுக்கு எப்படித் தப்பியது? பாயின் முகம் வெளிறிவிட்டது. மச்சானின் ஐஸ் பெட்டிகள் வரிசையாக உள்ளே ஏறுவது அவர் கண்ணில் தெரிந்தது.

பிறகு அவர் குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியை இழுத்தார். உள்ளே இன்னொரு ஜோடித் திரை, கவர் பிரிக்காமல். கவரைக் கிழித்தார். அவராகவே, யாரும் சொல்லாமல். பழைய திரையைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டு, பழையதை வாளியில் அமுக்கித் துவைக்கவே ஆரம்பித்துவிட்டார்.

மொண்டல் அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே சொன்னதை பாய் எனக்குச் சொல்லவில்லை, மறுநாள்தான் சொன்னார். அழுக்கானால் துவைக்கிறவன் வண்டியைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தாராம்.

ஒரு வருஷ ஒப்பந்தம். பாய் மாதம் ஒரு முறை வந்து பராமரிப்பு பார்க்க வேண்டும். சாவியைக் கொடுக்கும் நேரத்தில் மச்சான் மறுபடி போன் செய்தான்.

“ஐஸ் பெட்டிய உங்க வூட்டு ஹால்ல வச்சுக்கடா மச்சான்” என்றார் பாய். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றார். நாங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

மறுநாள் காலை அரசுப் பேருந்தில் திரும்பினோம். கிளம்பும்போது பாய் வண்டியைச் சுற்றி மூன்று தடவை வந்தார். மொண்டல் அம்மாவின் பேரப்பிள்ளைகள் ஈரக்காலோடு உள்ளே ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். “ரெண்டு துணி வச்சிருக்கேன்...” என்று ஆரம்பித்தார். அப்புறம் விட்டுவிட்டார்.

பாராடாங்கில் பேருந்து நின்றது. படகுக்கு முன்னால் டீ. இவர் கை கிளாஸுக்கு நீண்டது. பாய் நடுவிலேயே மறித்து வாங்கிக்கொண்டார்.

“வேணாம் அண்ணே. நாம போறது நம்ம வண்டில இல்ல.”

“வாங்கினத என்ன செய்ய?”

“வீணாக்கக் கூடாதுல்ல” என்று தன் டீயோடு இவருடைய டீயையும் சேர்த்துப் பாயே குடித்தார்.

படகைக் கடந்து, காட்டு வரிசையில் பேருந்து நுழைந்தது. அதே மரங்கள், அதே அறிவிப்பு, அதே தூறல். என் கணவர் மிக நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காடு பாதி வருவதற்குள் பாய் பேச்சை நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் காலை மாற்றிப் போட்டார். எனக்கு அந்த அசைவு பழக்கமானது.

“என்ன பாய்?” என்றேன்.

“ஒண்ணுமில்ல” என்றார். பிறகு, மிக மெதுவாக, “நம்ம வண்டில... எவ்வளவு நல்ல டாய்லெட் வார்டம்மா” என்றார். அப்படி ஓர் ஏக்கத்தை நான் எந்த விடுதியிலும் கேட்டதில்லை. இரண்டு வருஷம் வைத்திருந்தவர், ஒரு தடவைகூட அதைப் பயன்படுத்தியதில்லை.

என் கணவர் கண்ணைத் திறந்தார். முகத்தில் அத்தனை கருணை.

“கொஞ்சம் பொறுத்துக்குங்க பாய். மனச வேற எதுலயாவது வைங்க” என்றார். “முப்பது கிலோமீட்டர்தான்.”